நடுப்பருவத்து நான்கு வெற்றிகள்

கடந்த ஜூலை, இரண்டாவது கிழமை. திங்கள்: அமெரிக்க பேஸ்போல் அணியொன்று வென்றதாக, நோயுற்றுப் படுத்திருந்த என் மனைவியிடம் தெரிவித்தேன். செவ்வாய்: வென்றதாகத் தெரிவித்தேன். புதன்: அவ்வாறே. வியாழன்: காலை பத்து மணிக்குத் தாதி வந்து போனார். மாலையில், அணி வென்றதாகத் தெரிவித்தேன்.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில், 'பேஸ்போல் அண்ணை' என்று நாங்கள் அழைத்த அந்த அயலவரைவிடச் சுத்தமான மனிதர் வாழ்ந்ததில்லை. அணி தோற்ற நாளில் உடுத்த சட்டையைத் தோய்க்காமல் மறுபடி தொடலாகாது என்பது அவருடைய விதி. அணியோ தோற்பதைக் கடமையாகவே செய்துவந்தது. எங்கள் மாடிக்குடியிருப்பின் பொதுச் சலவை அறைப் பட்டியலில் ஆட்டப்பருவம் ஆரம்பிக்கும் ஏப்ரல் தொடங்கி அவர் பெயர்தான். ஒரு போர்வை தோய்ப்பதற்காக, அந்த அணி வெல்லவேண்டுமென்று அயலவர் பிரார்த்தித்ததுண்டு.

வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் அவரோடு கூட வேலைசெய்த அமெரிக்கர் ஒருவரிடமிருந்து தொற்றிய பைத்தியம் அது. அமெரிக்காவில் பகல் ஆட்டமென்றால் இங்கே மாலை ஏழு மணி. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், ஜூலை வெயிலிலும் கம்பளித் தொப்பியோடு, கைபேசியை ஏந்தியபடி எங்கள் மணியை அடிப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியையான என் மனைவி கட்டிலில் சாய்ந்தபடி கொப்பியொன்றில் ஆட்ட விவரத்தைக் குறித்துவைப்பாள்.

"ரீச்சர், இண்டைக்கு எங்கட எறிகாரன் நெருப்பு!"

"போன கிழமையும் இதைத்தானே அண்ணை சொன்னியள்?"

"போன கிழமை அவனுக்குத் தடிமன் காய்ச்சல், ரீச்சர்."

அவள் சிரிப்பாள். அந்த வீட்டில் அப்போது வேறு சிரிப்பு இருக்கவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்திய ஞாயிறு, ஆய்வகத்தில் என்னோடு பணிபுரிந்த தமிழ்நாட்டுத் தம்பதியர் நலம் விசாரிக்க வந்தனர். அவர்கள் அமரப்போன கணத்தில் அண்ணை கத்தினார்: "இருக்காதேங்கோ! அசைஞ்சால் ராசி போயிடும்! மூண்டாம் பேஸிலை எங்கட ஆள் நிக்கிறான்!" பழக்கூடையோடு இருவரும் நெடுநேரம் நின்றார்கள்.

"சார், இவர் உங்க ரிலேட்டிவா?"

"சீச்சீ, இல்லை. சலவை அறையிலை கண்ட பழக்கம்."

அண்ணை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் படிக்கட்டில் அவரை மறித்தேன். "இனி வரவேண்டாம். அவவுக்கு ஓய்வு வேணும்."

"ஓம், சேர். ஸ்கோரை மட்டும்..."

"அதை நானே பாத்துச் சொல்லுவன்."

நான் பார்க்கவில்லை. அவள் கேட்டபோதெல்லாம், வென்றதாகச் சொன்னேன்.

"நாலு நாளும் வெண்டவையோ? கெட்டிக்காரர்," என்று என்னையே பார்த்தபடி சொன்னாள். வெள்ளி முதல் கேட்கவில்லை. ஆகஸ்டில் மறைந்தாள்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்தபின் கொப்பியை அண்ணையிடம் நீட்டினேன். புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"சேர், இந்த நாலு நாளும் எங்கட அணி விளையாடேல்லை. பருவத்தின்ரை நடுவிலை எல்லாருக்கும் லீவு."

"அவவுக்குத் தெரியுமோ?"

"கொப்பியிலை அந்த நாளுகளுக்குக் கோடு கீறி வைச்சதே ரீச்சர்தானே."

கோட்டின்மேல், நான்கு நாட்களுக்கும் அவளுடைய கையெழுத்தில்: 'வெற்றி. இவர் சொன்னார்.'

அண்ணை கொப்பியை மெல்ல மூடினார். "அப்பிடியே இருக்கட்டும், சேர். இந்த வருசம் நாங்கள் தொடர்ந்து நாலு வெண்டது அதிலை மட்டும்தான்."

இன்னும் செய்யாதவை:

கொப்பியின் எஞ்சிய பக்கங்களை நிரப்புவது.

அந்தத் தம்பதியருக்குத் தொலைபேசி எடுத்து, அண்ணை எங்கள் உறவினர் என்று சொல்வது.

படியிறங்கிப் போய், ஏழு மணிக்கு வரும்படி அண்ணையை அழைப்பது. கீழே சலவை இயந்திரம் ஓடுகிறது, அங்கேதான் இருப்பார்.