மிரேனாவை மீட்டு வந்த செக்கர்

கண்டி மாவட்டத்தில் செக்கர் குறை கண்டுபிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது இன்னும் அவர் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தையல் பார்ப்பது அவர் வேலை; பெயரும் அதனால் வந்ததுதான். வேலை முடிந்தாலும் கை சும்மா இருக்காது. கடையில் தோசை வந்தால் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். ஒருநாள் கண்டி பஸ்ஸில் முன்னால் நின்றவரின் கொலரில் நூல் தொங்குகிறதென்று, பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டிவிட்டார். அந்த மனிதர் போட்ட கூச்சலில் ட்ரைவர் பஸ்ஸைப் பொலிஸுக்கே விட்டார். அங்கேயும் செக்கர், "சேர், உங்க பட்டன் ஒண்ணு லூசா இருக்கு" என்றாராம்.

குண்டசாலையில் ஒரே போர்டிங் அறையில் நாங்கள் மூன்று பேர்: நான், செக்கர், அலவத்துகொட ஊர்க்காரரான ஃபாஸில் நானா. கம்ப்யூட்டர் நானாவுடையது. அதில் ஒரு மாயாஜால விளையாட்டு. நாமே வீரனாகி வாளோடு ஊர் ஊராகப் போக வேண்டும். கூடவே மிரேனா என்றொரு வைத்தியப் பெண் வருவாள். அடிபட்ட போதெல்லாம் மருந்து போடுவாள். கடைசியில் கோட்டை தீப்பற்றும். மந்திர வாளா, மிரேனாவா, ஒன்றைத்தான் காப்பாற்றலாம். நான் வாளை எடுத்தேன். செக்கரும் அவசரத்தில் வாளை எடுத்துவிட்டார். இரண்டு ஆட்டத்திலும் மிரேனா தீயில் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நவம்பரில் சர்ச்சில், இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுப்பார்களே, அதில் மிரேனாவையும் எழுதிவிட்டார். ஃபாதர், "அந்தோனியம்மா, மரியசெல்வம், மிரேனா" என்று வரிசையாக வாசித்தார். வெளியே வந்ததும் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த அக்கா விசாரித்தார்.

"மிரேனாங்கிறது யாரு தம்பி, சொந்தமா?"

"கூட இருந்தவங்க அக்கா. என்னாலதான் போய்ட்டாங்க."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டு அவசரமாக நகர்ந்தார்.

அடுத்த வருடம் இரண்டாம் பாகம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பனிமலை என்ன, குதிரை என்ன, கன்னத்தில் வழியும் மழைத்துளி என்ன! இதன் பக்கத்தில் வைத்தால் முதல் பாகம் பாலர் வகுப்புச் சித்திரம் என்று சத்தியம் பண்ணினேன். செக்கர் தாளில் நடுவே கோடு போட்டு இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டாம் பாகத்தின் பக்கம் குறைகளால் நிரம்பி வழிந்தது. குதிரையின் கால் கல்லுக்குள் போகிறது. கடைக்காரர் பேசும்போது வாய் அசையவில்லை. கடைசியில் சிவப்பு மையில் ஒரு வரி: மிரேனா இல்லை.

முதல் பாகத்தில் நாம் செய்ததெல்லாம் இரண்டாவதிலும் தொடரும். அதனால் எங்கள் இருவரின் ஆட்டமும் அவள் கல்லறையில்தான் தொடங்கியது.

"அது கத மச்சான், விடுங்க" என்றேன்.

"கத இல்ல மச்சான், என் பிழை. பிழையா தச்ச சட்டைய வீசிருறோமா? பிரிச்சுத் திருப்பித் தைக்கிறோமில்ல?"

முதல் பாகத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினார். கிடைப்பது ஞாயிறு மட்டும். பாதிக் காட்டைக் கடப்பதற்குள் நானாவுக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் அலவத்துகொடவுக்குப் போய்விடும்.

"ஒரு கிழம பொறுங்க நானா" என்றார் செக்கர்.

"டிக்கட் போட்டாச்சு மச்சான். நீங்க போய்ச் சோத்தத் தின்னுங்க, நான் ஓநாய் அடிச்சுத் தாரன்."

கேலி பண்ணிக்கொண்டிருந்த நானும் உட்கார்ந்தேன். முறை வைத்து ஆடினோம்.

கடைசி ஞாயிறு. நானாவையும் கம்ப்யூட்டரையும் ஏற்றிப்போக வந்த ஆட்டோ கேட்டில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. கோட்டை தீப்பற்றியது. வாள் பளபளத்தது. ஒரு வழியாக மிரேனாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "அடுத்ததுல ஆரம்பம் மட்டும் பாத்துருவோம் நானா" என்று கெஞ்சி இரண்டாம் பாகத்தைத் திறந்தார்.

கல்லறை இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன வீடு. மிரேனா கதவைத் திறந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டாள்.

செக்கர் கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

"சாரி மிஸ். கொஞ்சம் சொணங்கிருச்சு."

நானா வயரைக் கழற்றியபடி கேட்டார்: "இப்பச் சொல்லுங்க, எந்தப் பாகம் நல்லம்?"

"ரெண்டாவதுதான் நானா, சந்தேகமே இல்ல" என்று செக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் ஆட்டத்தில் மிரேனா கல்லறையிலேயே கிடந்தாள். அதற்காக நான் ஒரு வேளைச் சோற்றைக்கூடக் குறைக்கவில்லை. தன் கையால் போனவளைத் திரும்பக் கூட்டிவர இவ்வளவு பாடுபட்ட ஒருவரோடு ஒரே அறையில் இருந்தேன் என்பது எனக்குப் பெருமை. நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது செக்கர், அதனால்தான் எழுதுகிறேன்.