செந்திலை வால்வாக்கிய மேடம்

உலகத்தில் குழாயைத் திறப்பதற்கு முன் வாளியிடம் கருத்துக் கேட்கும் ஒரே பெண்மணி எங்கள் வால்வு மேடம்தான். பல்லடம் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் கெமிக்கல் படித்த எங்களுக்கு ஆட்டோமேஷன் பாடம் எடுத்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளம் வாங்க மட்டுமே பயன்பட்டது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இத்தனை வருஷம் திருப்பூரில் குடியிருந்தும் ஒரு ‘ங்க’கூட அவர் நாக்கில் ஒட்டவில்லை.

முதல் வகுப்பில் அவர் போர்டைத் தொடவே இல்லை. ஒரு வாளி, குழாயிலிருந்து ஒரு ரப்பர் டியூப், அவ்வளவுதான்.

“ஏலே செந்தில், நீ வால்வு. தனலட்சுமி, நீ சென்சாரு” என்றவர் என்னைப் பார்த்து, “நீ கன்ட்ரோலரு” என்றார்.

தனலட்சுமி தண்ணீர் மட்டத்தைப் பார்த்துச் சொல்ல, நான் உத்தரவிட, செந்தில் குழாயைத் திருக வேண்டும். செந்தில் குண்டடத்துக்காரன். தும்மலைக்கூட யோசித்துத்தான் தும்முவான்.

“நெறைஞ்சிருச்சு!” என்றாள் தனலட்சுமி.

“மூடு!” என்றேன்.

“ஏனுங்க மேடம், எந்தப் பக்கம் திருகோணுங்க?” என்றான் செந்தில்.

பதில் வருவதற்குள் தண்ணீர் வராந்தாவைத் தாண்டி, முதல்வர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்துவிட்டது. மேடம் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி பரவசத்தில் கத்தினார்: “பாத்தியளா! தாமதம்! இதுக்குப் பேருதாம்ல ‘டிலே’!” நியாயமாக வால்வு என்ற பட்டம் செந்திலுக்குப் போயிருக்க வேண்டும். எப்படியோ மேடத்திடம் போய்விட்டது.

பிறகு கேன்டீன் பாய்லரில் ஒரு சென்சாரை மாட்டினார். டீ ஆறினால் அது அலறும். டீ மாஸ்டர் அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு, “அது என்ன கொளந்தையாங்க மேடம், எந்நேரமும் அழுதுட்டே இருக்குதுங்க” என்று கும்பிட்டார்.

இறுதியாண்டில் எங்களை ஒரு சாயப்பட்டறைக்குக் கூட்டிப்போனார். சாயம் ஏற்றிய துணியில் காரம் மிஞ்சி நிற்கும். அமிலம் விட்டு அதைச் சமன் செய்ய வேண்டும். பிஎச் மீட்டர் ஏழு காட்டினால் சரி; ஏழுக்கு மேலே போனால் காரம், கீழே போனால் அமிலம். ஆள் நின்று ஊற்றும் அமிலத்தை இனி பம்ப் தானாக விட வேண்டும் என்பது திட்டம். புரோகிராம் எழுதியவள் தனலட்சுமி, சோமனூர்த் தறிக்கார வீட்டுப் பெண். நன்றாக ஓடினால் எழுதியவருக்கு அங்கேயே வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“துணியப் போட்டே பாத்துரலாமுங்க” என்றார் முதலாளி.

“மொதல்ல வெறும் காரத் தண்ணியில பாப்போம் அண்ணாச்சி. தப்பு பண்ணுறதுக்குத் துணி எதுக்கு?” என்றார் மேடம்.

காரம் ஏறியிருந்தும் பம்ப் கம்மென்று இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று செந்தில் ஒரு குவளை அமிலத்தைக் கையால் ஊற்றினான். மீட்டர் ஏழுக்குக் கீழே இறங்கியதும் பம்ப்புக்கு வந்ததே வீரம்! நிறுத்தாமல் அமிலத்தைக் கொட்டியது. பட்டறை முழுக்க ஊறுகாய்க் கடை வாசம்.

“இத யாருங்க எழுதுனது?” என்றார் முதலாளி.

தனலட்சுமி வாய் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டார். “நாந்தான் அண்ணாச்சி. கூட்டலுக்குக் கழித்தல் போட்டுட்டேன். வயசாயிட்டுல்லா. இனி தனலட்சுமியே எழுதட்டும்.”

“செரிங்க, அடுத்த வாரம் பாக்கலாமுங்க” என்றார் அவர்.

பஸ் ஏறியதும் தனலட்சுமிக்கு மேடத்தின் கச்சேரி தொடங்கியது. “ஏட்டி, காரம் ஏறுனா பம்ப்பு ஓடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒங்க ஊருல வயிறு நெறஞ்ச பொறவுதான் எலை போடுவியளா?” கண்டக்டர் எங்கள் பக்கம் டிக்கெட் கேட்கவே வரவில்லை.

மறுவாரம் தண்ணீரில் பார்த்தோம்; சரியாக வந்தது. பிறகு துணியைப் போட்டார்கள். பம்ப் ஓடியது, வேகம் குறைந்தது, சொட்டியது, நின்றது. முதலாளி, செந்தில், நான் எல்லோரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேடம் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. தனலட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக அவள் முதுகில் கைவைத்தார்.

“ஏட்டி, ஏழு வந்துட்டு. இப்பவாவது மூச்சு வுடு.”