சான்றுப் பொருள் எண் ஒன்று

"இது என்ன?" என்று மேடம் கேட்டதும் வக்கீல் அவசரமாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

வக்கீல் என்பது தெருக்காரர்கள் அவசரப்பட்டு வைத்த பெயர். மனிதர் இன்னும் தேறவில்லை. பகலில் நீதிமன்ற வாசலில் மனு தட்டச்சு, மாலையில் சட்டக் கல்லூரி. மற்ற பாடங்களில் எப்படியோ கரையேறிவிட்டவர், சாட்சியச் சட்டத்தில் மட்டும் இரண்டு முறை குப்புற விழுந்திருந்தார். அவர் மனைவியோ, பெயர்ப்பலகை மாட்ட வாசல் சுவரில் ஆணியே அடித்துவிட்டாள். போகும்போதும் வரும்போதும் அந்த ஆணியைப் பார்த்தே அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது.

இது மூன்றாவது முயற்சி. வினாத்தாள் கைக்கு வந்த மறுநிமிடம், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அந்தப் பாடத்தை நடத்துகிற மேடம்தான் அன்று தேர்வறைக் கண்காணிப்பு. இரண்டு விரலால் அதை உருவினார்.

அது என்னவென்று வக்கீலுக்குத் தெரியும். நேற்று மாலை பதினேழு பிரிவுகளை எறும்பு எழுத்தில் எழுதி, சீ, வேண்டாம் என்று எறியப் போய், எறிய மனம் வராமல் அதே பையில் செருகிய பிட்டு.

மேடம் சீட்டைப் பிரிக்கவில்லை. "சான்றுப் பொருளைக் கண்டபடி தொடக் கூடாது" என்று ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார்.

"மேடம், இது என் சட்டையே இல்ல. தம்பி சட்டை."

"ஹால் டிக்கெட்டையும் அதே பையிலேருந்துதானே எடுத்தீங்க? அதுவும் தம்பியோடதா?"

இருபது வருஷ மனுப் பழக்கம் சும்மா இருக்குமா? ஒரு வாதம் உதைபட்டால் அடுத்ததை நீட்டுவதுதானே தொழில்!

"சரி, என்னுதுன்னே வச்சுக்குவோம். ஆனா அந்த பிட்டுல ஒரு வரிகூட நான் பாக்கல."

"நான் சீட்டுன்னுதானே சொன்னேன்? பிட்டுன்னு நீங்கதான் சொல்றீங்க."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம். பதினேழு பிரிவை வச்சுக்கிட்டு எவனாவது பாஸ் பண்ண முடியுமா?"

"பதினேழா?" மேடம் குறித்துக்கொண்டார்.

வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டு வினாத்தாளைப் பார்த்தார். முதல் கேள்வி: 'ஒப்புதல் வாக்குமூலம் எப்போது செல்லாது?' தலைகீழாகத் தெரிந்த பதில். இரண்டு வருஷமாகக் காத்திருந்த கேள்வி, இன்றைக்கா வந்து தொலைய வேண்டும்? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடமுக்கும் மனம் இளகியது போலிருந்தது. குரலைத் தணித்தார். "மறைச்சா மூணு வருஷத்துக்குத் தேர்வே எழுத முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தா இன்னிக்குப் பேப்பரோட போயிடும். யோசிங்க."

மூன்று வருஷம்! ஆணி துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அதைவிட, வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

எழுதினார். ஊருக்கெல்லாம் மறுப்பு மனு தட்டிய கை, தனக்கென்று வந்தபோது ஒன்றைக்கூட மறுக்கவில்லை. எத்தனை மணிக்கு எழுதினார், எந்த மேசையில், எந்தப் பேனாவால், எந்தெந்தப் பிரிவுகள், எல்லாம் ஒழுங்காக வந்தன. இரண்டு தேர்விலும் வராத சரளம் இதில் வந்தது. மூன்று பக்கம். கேட்காமலே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்" என்று மேடம், மணியடிக்கும் ஊழியரைக் கூப்பிட்டார்.

அவர் வந்து நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல மேடம். ஒரு தடவை போட்டு மாட்டினது போதும்."

வேறு வழியின்றி மேடம் உறையைக் கிழித்தார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். ஊழியர் சீட்டைப் பிரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி படித்தார்:

"'ஏங்க, பையில இருந்த பிட்டை அடுப்புல போட்டுட்டேன். அது இல்லாமலே நீங்க பாஸ் பண்ணுவீங்க. பயப்படாம, தெரிஞ்சதை ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க.'"