இரண்டாவது கிளாரினெட்

இந்த வீட்டுக்குள் இன்னொரு கிளாரினெட் நுழையவே கூடாது என்று அவர் தீர்மானம் செய்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டுச் செய்த தீர்மானம் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

பெட்டிக் கம்பெனியில் அவருக்கு வேலை. பயணப் பெட்டிகளை உயரத்திலிருந்து போட்டு, மிதித்து, உருட்டி, உடைகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் உத்தியோகம். பகல் முழுக்க டமால், டுமீல். வீட்டுக்கு வந்தால் மகளின் கிளாரினெட். பள்ளிக்கூட பேண்டில் வாசிக்கிற பெண். சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஸ்வரத்தை மூச்சு முட்டும்வரை பிடித்து, கடைசியில் 'கீய்ய்ங்' என்று விடுவாள். அந்தக் 'கீய்ய்ங்'குக்குச் சமையலறைத் தம்ளர்கள் பதில் சொல்லும்.

இப்படியிருக்க, அந்த மரக் கிளாரினெட் ஜன்னலோர வெயிலில் காய்ந்து கீறல் விட்டது. ரிப்பேருக்குப் போனது. வீட்டில் அமைதி! சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த ஆனந்தத்தில்தான் மனைவி வந்து இடியை இறக்கினாள்.

"ஏங்க, பேண்டு வாத்தியார் கூப்பிட்டாரு. போட்டிக்கு வெளியூர் போறாங்களாம். கையில கிளாரினெட் இல்லன்னா இவ இடத்தை வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாராம். வெயில், மழை, பஸ்ஸு எல்லாத்தையும் தாங்குற மாதிரி ரெண்டாவது ஒண்ணு வாங்கி வச்சுக்கச் சொல்றாரு."

மகள் முகம் தொங்கிப் போயிருந்தது. அவருக்கும் உள்ளே சுருக்கென்றது. ஆனால் கடிகாரம் 'டிக் டிக்' என்று கெஞ்சியது.

"தாராளமா வாங்கலாம். ஆனா உறுதியா இருக்கான்னு நான்தான் சோதிப்பேன். நான் சரின்னாதான் வாங்கணும்."

"உங்களை விட்டா வேற யாருங்க இருக்கா?" என்றாள் மனைவி.

அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எதை எடுத்தாலும் நொட்டை சொல்லி, வெறுங்கையோடு திரும்புவது என்று, மனைவியையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு குஷியாகக் கிளம்பினார்.

வாத்தியக் கடைக்காரம்மா ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது நல்ல மரம் சார்."

"கீறும். பட்டாச்சு. அடுத்தது?"

"இது உலோகம்."

"நெளியும்."

"இது கெட்டிப் பிளாஸ்டிக். பிள்ளைங்களுக்குன்னே செஞ்சது."

"போட்டா உடையும்."

"பெட்டியோட போட்டுத்தான் பாருங்களேன்."

கரும்பு தின்னக் கூலியா! கையை உயரத் தூக்கிப் பெட்டியைப் போட்டார். டமால். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் கிளாரினெட் பளபளவென்று சிரித்தது. பெட்டியை மூடிக் கடையின் மாடிப்படியில் உருட்டினார். படிக்குப் படி குதித்து இறங்கிப் போய்ச் சமர்த்தாக நின்றது. கடைசியில், கால் இடறின மாதிரி, அதன் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார். அவர் எடைக்கு வீட்டில் இரண்டு நாற்காலிகள் உயிரை விட்டிருக்கின்றன.

"அப்பா!" என்று அலறினாள் மகள்.

"ஐயோ!" என்றார் அவரும். பெட்டியின் கொண்டி குத்திவிட்டது.

மகள் கிளாரினெட்டின் பாகங்களை எடுத்துப் பொருத்தி, உதட்டில் வைத்தாள். 'கீய்ய்ங்' வரப்போகிறது என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். வரவில்லை. ஒரு பாட்டு வந்தது. மெள்ள எழுந்து, வளைந்து, கடை முழுக்க நிறைந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். இத்தனை நாள் கதவுக்கு அந்தப்பக்கம் இதையா பழகிக்கொண்டிருந்தாள்? அவர் கால் தானாகத் தாளம் போட்டது.

"எப்படிப்பா இருக்கு?"

"பில்லு போடுங்கம்மா," என்றார் அவர், பர்ஸை எடுத்துக்கொண்டு.

வீடு திரும்பும் வழியில் மனைவி காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"போன வாரமே அந்தக் கடைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேங்க. எல்லாமே உறுதின்னுதான் சொல்றாங்க, எப்படி நம்புறது? அதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"என் அனுபவத்து மேல அவ்வளவு நம்பிக்கையா!"

"அனுபவமா? எப்படியாவது உடைச்சுடணும்னு இவ்வளவு மனசார வேற யாருங்க சோதிப்பா?"

இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மூச்சு விடவில்லை. இருந்தாலும் ஒரு நப்பாசை மிச்சமிருந்தது.

"சரி, மரக் கிளாரினெட் ரிப்பேராகி வந்துட்டா இது சும்மாத்தானே பெட்டியில கிடக்கும்?"

"சும்மா ஏன் கிடக்கணும்?" என்றாள் மனைவி. "பெரியவங்களுக்குன்னு புதுசா கிளாரினெட் வகுப்பு ஆரம்பிச்சிருக்காங்க, நான் சேர்ந்துட்டேன்."