சட்டச் சொற்பொழிவில் ஒரு ஜெபச் சீட்டு

கூட்டங்களில் தூங்குகிறவர்களால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை. பாதியில் விழித்துக்கொள்கிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூர் காக்ஸ் டவுனில் குடியிருந்தேன். தொலைபேசித் துறையில் வேலை, வயது இருபத்தேழு. எங்கள் சபையின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று பாடும் எஸ்தரின் மேல் எனக்கு ஒரு விருப்பம். இது எஸ்தருக்குத் தெரியாது. (அவளிடம் அதுவரை நான் பேசியது மொத்தம் ஒரு வாக்கியம்: "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கவா?") முறைப்படி என் அம்மா போதகரின் மனைவியிடம் சொல்ல, அவர் எஸ்தரின் அப்பா ஞானராஜ் சாரிடம் சொல்ல, சார் "பாக்கலாம்" என்றார். பிறகு இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞானராஜ் சார் வாரநாட்களில் பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்புச் சட்டப் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் செயலாளர். சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கம் முடிந்ததும் வாலண்டியர்கள் பெஞ்சு பெஞ்சாகத் துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்துக்கொண்டு வருவார்கள். ஜெபிக்க வேண்டிய காரியத்தை எழுதித் தரலாம், பெயர் போட வேண்டியதில்லை. செயலாளர் ஒவ்வொன்றாக வாசிக்க, சபை ஆமென் சொல்லும். மூட்டுவலி தீர, விசா கிடைக்க, மாடி வீட்டுக்காரர் காலி செய்ய என்று எல்லாம் வரும்.

நான் ஏழு வாரம் விடாமல் ஒரே சீட்டை எழுதினேன்: "ஒரு வாலிபனின் திருமணக் காரியம் கைகூட, பெண்ணின் தகப்பனாருடைய கடின இருதயம் இளக ஜெபிக்கவும்." ஏழு வாரமும் அந்தத் தகப்பனாரே தன் கணீர்க் குரலில் அதை வாசித்தார். ஐந்தாம் வாரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தத் தகப்பனாருக்காக நாம இன்னும் ஊக்கமா ஜெபிக்கணும்" என்று சொந்தமாக ஒரு வரி வேறு சேர்த்தார். என்னுடைய ஆமென் மற்றவர்களைவிட அரை நொடி முந்தி வந்தது.

ஏழாவது ஞாயிறு, சபை வாசலில் சார் என்னை நிறுத்தினார்.

"தம்பி, வர்ற சனிக்கிழமை எங்க யூனிவர்சிட்டில வருஷாந்தர லெக்சர். வாங்க. முடிஞ்சதும் காபி சாப்டுட்டே, என்ன புரிஞ்சுதுன்னு பேசலாம்."

பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியாவது கிடைக்கும். இது மாப்பிள்ளை பார்க்கும் படலம், அதுவும் அரசியலமைப்பில் பரீட்சை வைத்து. பழைய புத்தகக் கடையில் ஓர் அரசியலமைப்புக் கையேடு வாங்கினேன். முகவுரை புரிந்தது. அதற்கப்புறம் 'எது எவ்வாறு இருந்தபோதிலும்' என்று தொடங்கிய வாக்கியங்கள் எங்கே போய் முடிந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை பார்த்து சக ஊழியர் ஒருவர் லீவு போட்டுவிட, தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக அரங்கத்துக்குப் போனேன். உயர்ந்த கூரை, நீண்ட மர பெஞ்சுகள், மேடையில் ஒரு சாய்வுப் பலகை. எஸ்தரும் அவள் அம்மாவும் பின்னால் எங்கோ இருந்தார்கள். எனக்கு மூன்றாவது வரிசை, பக்கத்தில் ஒரு கன்னட வக்கீல். டெல்லியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி, அரசியலமைப்பில் நாடாளுமன்றம் எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். முதல் பத்து நிமிடம் புரிந்தவன்போல் தலையாட்டினேன். பிறகு நான் இல்லாமலே தலை ஆடிக்கொண்டிருந்தது.

விழித்தபோது என் கையில் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் இருந்தன. பெஞ்சு வரிசையில் வாலண்டியர் காத்து நிற்கிறார். எதிரே மைக்கின் முன், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போட்டு வரும் அதே பழுப்புக் கோட்டு, அதே கண்ணாடியுடன் ஞானராஜ் சார். என்ன கிழமை, எந்த இடம் என்று மூளை விசாரித்து முடிப்பதற்குள் கை எழுதி மடித்துக் கொடுத்துவிட்டது. (ஏழு வாரப் பயிற்சி!) பக்கத்து வக்கீல் தன் சீட்டில் முந்நூற்று அறுபத்தெட்டு என்று என்னவோ எழுதியிருந்தார். சர்க்கரை அளவு போலிருக்கிறது, பாவம் என்று அவருக்காகவும் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டேன்.

சார் முதல் சீட்டை வாசித்தார். நீதிபதிகள் நியமனம் பற்றிய கேள்வி. யாரும் ஆமென் சொல்லவில்லை. இது சபையில்லை, நீதிபதியிடம் கேள்வி கேட்கும் சீட்டு, வக்கீலின் முந்நூற்று அறுபத்தெட்டும் சர்க்கரையில்லை, சட்டப் பிரிவு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டைப் பிடுங்கியாவது வந்துவிடலாம் என்று எழுந்தேன். "கூத்கொள்ளி ரீ" என்று வக்கீல் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

ஆறாவது சீட்டைப் பிரித்த சாரின் முகம் மலர்ந்தது. தமிழில் ஒரு கேள்வி வந்திருக்கிறது, நானே மொழிபெயர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் பெருமையாக அறிவித்தார். வாலிபன், திருமணம் வரை சரளமாகப் போனது. 'பெண்ணின் தகப்பனார்' என்ற இடத்தில் வேகம் குறைந்தது. 'கடின இருதயம்' வந்தபோது அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். எங்கள் சபையிலிருந்து அவர் அழைத்திருந்த வாலிபன் ஒருவன்தான். கண்கள் தேடவேயில்லை, நேராக மூன்றாவது வரிசைக்கு வந்தன. நான் மின்விசிறியை ஆராய்ந்தேன்.

நீதிபதி விடவில்லை. இருவரும் வயது வந்தவர்களானால், தகப்பனாரின் இருதயம் கடினமா இளக்கமா என்று சட்டம் கேட்பதில்லை என்றார். ஆனால் இந்த மனுவில் ஒரு குறை இருக்கிறதாம். வாலிபன் இருக்கிறான், தகப்பனார் இருக்கிறார். அந்தப் பெண்ணை யாராவது கேட்டீர்களா?

அரங்கம் கைதட்டியது. "ஒள்ளே பிரஷ்னே" என்றார் வக்கீல். நல்ல கேள்வியாம்.

காபி மேசையருகே சார் இரண்டு கப்புகளோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். அவர் கேட்பதற்குள் நானே பரீட்சையை ஆரம்பித்துவிட்டேன்.

"பார்லிமென்ட் எல்லாத்தையும் மாத்த முடியாது சார்."

"அது சரி. கடின இருதயமா?"

"ஒரு பேச்சுக்கு எழுதினது சார்."

"ஏழு பேச்சு" என்றார். இன்றையதைக் கணக்கில் சேர்க்காதது அவருடைய பெருந்தன்மை.

காபியைக் குடித்து முடித்துவிட்டு, மகள் நின்ற இடத்துக்குப் போய்த் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். சற்று நேரத்தில் எஸ்தர் என்னிடம் வந்தாள்.

"ஏழு வாரமா நானும் ஆமென் சொல்லியிருக்கேன். யாரோ ஒரு பொண்ணு பாவம், அவளுக்கு எப்படிப்பட்ட அப்பா வாச்சிருக்காரோன்னு நெனச்சு." என் கையிலிருந்த கப்பை வாங்கி மேசையில் வைத்தாள். "எனக்கு யோசிக்க டைம் வேணும். அதுவரைக்கும் நீங்க எதையும் எழுதிப் போடாதீங்க."

மறுநாள் சபையில் சார் எல்லாச் சீட்டுகளையும் வாசித்துவிட்டு, கையில் சீட்டே இல்லாமல் ஒன்றைச் சொன்னார்: "ஏழு வாரமா வந்த ஒரு மனு, சம்பந்தப்பட்டவங்க பரிசீலனையில இருக்கு. மனுதாரர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம்." விவரம் தெரியாத சபை அதற்கும் ஆமென் சொன்னது.

எஸ்தர் நான்கு மாதம் யோசித்தாள். கல்யாணத்துக்கப்புறம் நான் எதற்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் வந்துவிடும். "பேரு போட்டு எழுதுங்க" என்பாள். மாமனார் இருந்தவரை, வாசித்துத் தரவா என்று கேட்பார்.

போன மாதம் எங்கள் மகள், கூட வேலை பார்க்கும் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னாள். நான் யோசனையாக "பாக்கலாம்" என்றேன். மறுநாள் காலை என் காபி டம்ளருக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு தகப்பனாரின் கடின இருதயம் இளக வேண்டுமாம். சபை வழக்கப்படி பெயர் போடவில்லை. கையெழுத்து என் மனைவியுடையது.