மழைக்கு ஒரு சுவிட்ச்

ஆற்றில் மழை பெய்யலாமா, கூடாதா என்று பதினேழு பேர் மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது.

அந்த ஆறு அவர் எழுதிய கணினி விளையாட்டில் ஓடுவது. இக்கரையில் ஆட்களைப் படகில் ஏற்றி அக்கரையில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். கடை நேரம் போக ஆறு வருடம் உட்கார்ந்து எழுதியதை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இணையத்தில் பொதுவில் போட்டிருந்தார். திருத்த வந்த யாரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்கிற முடிவு மட்டும் அவர் தலையில்.

"மழை இல்லாத ஆறு என்னங்க ஆறு?" என்று எழுதினார் 'நங்கூரம்' என்ற பெயரில் வருபவர்.

"இது படகு விளையாட்டு. வானிலை அறிக்கை இல்ல," என்று பாய்ந்தார் 'சுக்கான்'.

யார் மனமும் கோணக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார்: மழைக்கு ஒரு சுவிட்ச். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.

அரை மணி நேரம் நிம்மதி. பிறகு நங்கூரம் கேட்டார்: "ஆரம்பத்துல அது போட்டிருக்குமா, அணைச்சிருக்குமா?"

சண்டை இரட்டிப்பானது. மருந்துக்கடைக்காரர் ஓட்டுக்கு விட்டார். எட்டுக்கு எட்டு. பதினேழாவது ஆள் ஓட்டே போடவில்லை. விளையாட்டில் சேர்க்கச் சொல்லி ஒரு குடையை எழுதி அனுப்பினார்.

"மழைன்னா குடை வேணும் சார். குடை இல்லாதவன் நனைவான், நனைஞ்சா சளி பிடிக்கும். அக்கரையில ஒரு மருந்துக்கடை வச்சிடலாம். உங்களுக்குத் தெரிஞ்ச தொழில்தானே!"

வேறு வழியில்லாமல் மருந்துக்கடைக்காரர், எது சேரும், எது சேராது என்று நாற்பது விதிகள் எழுதிப் போட்டார். மழையை எல்லோரும் மறந்தார்கள். இப்போது விதிகளைப் பிடித்துக்கொண்டு உலுக்கினார்கள். ஏழாம் விதிக்கு மட்டும் முப்பத்திரண்டு திருத்தம் வந்தது.

மறுநாள் கடையில் ஒரு அம்மா, "தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க," என்றார்.

"அது ஏன் தேவைன்னு முதல்ல எழுதிக் குடுங்க. மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

உள்ளே அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்து மாத்திரையைக் கொடுத்து அந்த அம்மாவை அனுப்பினாள். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

அன்று மாலை அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: ஒரு மாதத்துக்கு எந்தப் புது அம்சமும் கிடையாது. பேச்சே கிடையாது.

அடுத்த நாளே நங்கூரம் மொத்த விளையாட்டையும் பிரதி எடுத்துக்கொண்டு, ஒன்பது பேரோடு தனிக்குடித்தனம் போய்விட்டார். மிச்சமிருந்தவர்களைச் சுக்கான் இன்னொரு பிரதியோடு ஓட்டிக்கொண்டு போனார். குடைக்காரர் போவதற்கு முன், "உங்களுக்கு முதுகெலும்பே இல்ல சார்," என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்.

விளையாட்டின் இணையப் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. மருந்துக்கடைக்காரர் கணினி முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ஆறு வருஷம்டி. ஒருத்தரையும் பகைச்சுக்கக் கூடாதுன்னு பாத்தேன். எல்லாரும் போயிட்டாங்க. மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் நகருங்க. இத்தனை பேர் அடிச்சுக்கற அளவுக்கு அதுல என்னதான் இருக்குன்னு நானும் ஒரு தடவை ஆடிப் பாக்கறேன்."

பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது, அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் கறுப்பு. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார். விவரம் எங்காவது இருக்குமென்று பழைய புகார்ப் பட்டியலைத் திறந்து, கீழே கீழே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"ஏங்க, 'விளையாட்டு திறக்கவே மாட்டேங்குது'ன்னு போன வருஷமே ஒரே ஒருத்தர் எழுதியிருக்காரு; 'யோசனைக்கு நன்றி, இப்போதைக்கு இது அவசியமில்லை'ன்னு நீங்கதான் பதில் போட்டு மூடியிருக்கீங்க!"