பதினேழாம் பக்கத்து எரிமலை

பாட்டிலின் வாயில் ஒரு சொட்டு நுரை எட்டிப் பார்த்தது. வெளியே வரலாமா வேண்டாமா என்று சற்று யோசித்துவிட்டு வந்த வழியே உள்ளே போய்விட்டது.

"இதுதான் எரிமலையாப்பா?" என்றாள் மகள். ஆறு வயது. தற்காப்புக்காக அம்மாவின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலி மேல் நின்றிருந்தாள்.

"இது ஒத்திகைம்மா" என்றார் அப்பா.

பதிப்பகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் சர்வம். எதைப் பற்றிப் புத்தகம் வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீரில் இறங்காமலே நீச்சல் புத்தகம் எழுதினார். மூன்று பதிப்பு போனது. நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடப்பவர், நாய் வளர்ப்பைப் பற்றி நூற்றியிருபது பக்கம் எழுதினார். குழந்தைகள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஐம்பது அறிவியல் சோதனைகளையும் அப்படித்தான், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எழுதி முடித்தார். சமையலறை என்பது அவரைப் பொறுத்தவரை தண்ணீர் குடிக்கப் போகும் இடம்; அதற்காகச் சமையல் புத்தகம் எழுதாமல் விட்டுவிடவில்லை.

வினை காலை ஒன்பது மணிக்குப் போனில் வந்தது. பேசியது பதிப்பகத்தில் பக்கம் வடிவமைக்கும் பெண்.

"சார், உங்க புத்தகம் மறுபதிப்புக்குப் போகுதுல்ல, அதுல ஒரு புகார். ஒரு அம்மா கடிதம் போட்டிருக்காங்க. பதினேழாம் பக்கத்துல சொன்னபடியே செஞ்சாங்களாம். சமையல் சோடாவும் அளவாத்தான் போட்டாங்களாம். மேல எழும்பவே இல்லையாம். பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு பார்த்து ஏமாந்து போச்சுங்களாம்."

சர்வம் அலமாரியிலிருந்து சோதனைப் புத்தகத்தை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைப் பிரித்தார். 'பொங்கும் எரிமலை.' சோடா ஒரு ஸ்பூன், வினிகர் இரண்டு ஸ்பூன். இந்த அளவை எங்கிருந்து எடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தார். தலையிலிருந்துதான் எடுத்திருந்தார்.

"எதுல செஞ்சாங்களாம்?"

"ஏதோ அகலமான பாத்திரம்னு எழுதியிருக்காங்க சார்."

"அங்கதாம்மா தப்பு. வாய் குறுகலா இருந்தாத்தானே எழும்பும். முதலாளி என்ன சொல்றார்?"

"பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓடும், அதுக்குள்ள நீங்களே செஞ்சு பார்த்து அளவு சொல்லணுமாம். இல்லன்னா இனிமே வீட்டுப் புத்தகமெல்லாம் வேற ஆள்கிட்ட போயிடும்னார்."

இருபது வருடமாக அந்த வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. மனைவி மருத்துவமனையில் காலை ஷிஃப்ட். ஒரு மணிக்குத்தான் வருவாள். அவர் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்பூன் எங்கே இருக்கிறது என்று மகளைக் கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் அந்த ஒத்திகை.

இரண்டாவது முறை மூன்று ஸ்பூன் சோடா போட்டார். நுரை வெளியே வந்தது. ஆனால் எழும்பவில்லை. பாட்டிலின் தோளில் வழிந்து, மேடையில் ஊர்ந்து, அடுப்பின் பர்னர் துளைகளுக்குள் இறங்கிக் குடியேறியது.

"புகார் நியாயம்தான்ப்பா" என்றாள் மகள்.

"நுரைக்குப் பிடிமானம் வேணும். சோப்பைக் கொண்டா."

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை இரண்டு ஸ்பூன் ஊற்றினார். எரிமலை என்றால் சிவப்பாக இருக்க வேண்டாமா என்று மகள் கேட்டாள். சாயம் கலந்தார். ஆறு ஸ்பூன் சோடாவைக் கொட்டி, வாயைக் கட்டைவிரலால் அடைத்து, இருமல் மருந்தைக் குலுக்குவது மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கினார்.

கட்டைவிரல் தாங்கவில்லை. விரலிடுக்கில் கிளம்பிய சிவப்பு நீர், மேலே போகாமல் பக்கவாட்டில் பீச்சி, மனைவி போன மாதம்தான் ஆள் வைத்து வெள்ளையடித்த சுவரில் அடித்தது.

"அப்பா, அம்மா ஒரு மணிக்கு வந்துருவாங்க" என்றாள் மகள். ஏற்கெனவே நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தாள்.

ஈரத்துணியால் துடைத்தார். தட்டளவு இருந்த கறை குடையளவு ஆனது. இதற்கும் தன் புத்தகத்தில் வழி இருக்கும் என்று புரட்டினார். இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில், சோள மாவு கறையை உறிஞ்சும் என்று அவரே உறுதியாக எழுதியிருந்தார். ஒரு கிலோ பாக்கெட்டைக் குழைத்துச் சுவரில் அப்பினார். கறை போகவில்லை, இளஞ்சிவப்பானது. மாவு வழிந்தது. வழித்து எடுத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

தொட்டி அடைத்துக்கொண்டது.

கம்பு ஒன்றை எடுத்துக் குழாய் வாயில் குத்தினார். 'டக்' என்றது, பாறையில் குத்தியது போல. பலங்கொண்ட மட்டும் குத்தினார். இன்னும் கெட்டியானது.

மகள் அடுத்த பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சோள மாவும் தண்ணீரும் ஓர் அதிசயக் கலவை. மெதுவாகத் தொட்டால் நீர். வேகமாக அடித்தால் கல். அப்பா, இது நிஜமாவே நடக்குதுப்பா."

தான் எழுதியதில் ஒன்று நிஜம் என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தத் தெம்பில் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயின் மறையைத் திருகிக் கழற்றினார். தொட்டியில் இருந்ததில் முக்கால்வாசி ஒரே மூச்சில் அவர் மார்பில் இறங்கி, அங்கிருந்து தரைக்குப் போய், தரையிலிருந்து எங்கோ போனது.

எங்கே போனது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள், விரித்த குடையோடு நின்றிருந்தார். ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"தம்பி, என் சமையலறையில சிவப்பா மழை பெய்யுது" என்றார் நிதானமாக. "உங்க வீட்ல யாருக்காவது அடிபட்டிருக்கா, இல்ல நான் சத்தம் போடலாமா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல டீச்சர். மன்னிச்சிருங்க. எரிமலை வரமாட்டேங்குது."

டீச்சர் குடையை மடக்கினார். இளஞ்சிவப்புச் சுவரையும், மாவு பூசிய மனிதரையும், நீச்சல் கண்ணாடி போட்ட சிறுமியையும் வரிசையாகப் பார்த்தார். சத்தம் போடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"பன்னிரண்டு மணிக்குள்ள எழும்பலன்னா அப்பாவுக்கு வேலை போயிடும் டீச்சர்."

"மணி என்ன இப்போ?"

"பதினொண்ணேகால்."

டீச்சர் விசிலை எடுத்து ஊதினார். பழக்கதோஷத்தில் சர்வம் விறைப்பாக நின்றார். முதலில் குழாயை மாட்டச் சொன்னார். பிறகு தொட்டிக்குள் கையைவிட்டு, மாவைக் கோபப்படுத்தாமல் மெல்ல மெல்ல அள்ளி வாளியில் போட்டார். தண்ணீர் சமர்த்தாக இறங்கியது. தரையைத் துடைக்கும் வேலை ஒருவருக்கு, எரிமலை இருவருக்கு என்று அணி பிரித்தார். துடைக்கும் வேலை சர்வத்துக்கு விழுந்தது.

"உயரம் தாண்டுறதுக்கு என்ன வேணும், ஓடி வர்ற வேகம்" என்றார் டீச்சர். "நீங்க கொஞ்சம் கொஞ்சமா போட்டா அது எப்படித் தாண்டும்? சோடாவைத் துண்டுக் காகிதத்துல சுருட்டி, மொத்தமா ஒரே போடா போடணும். மூணு முயற்சி. மூணுதான் விதி."

முதல் முயற்சி ஒரு சாண். டீச்சர் அளவு நாடாவால் அளந்து மகளிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டாவது ஒன்றரை முழம். ஆனால் சாய்ந்து போனதால் செல்லாது என்று அறிவித்தார். சர்வம் துடைப்பதை விட்டுவிட்டு மேல்முறையீடு செய்து பார்த்தார். விசில் ஊதப்பட்டது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது முயற்சி. ஒரு டம்ளர் வினிகர், இரண்டு ஸ்பூன் சோப்பு. காகிதச் சுருளில் ஆறு ஸ்பூன் சோடா. மகள் சுருளை உள்ளே தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பாட்டில் ஒரு முறை நடுங்கியது. சிவப்பு நுரை தூண் போல, நேராக, நிமிர்ந்து எழும்பியது. அலமாரியைத் தாண்டியது. கூரைக்கு ஒரு சாண் கீழே ஒரு கணம் நின்று, பூவாக விரிந்து, மூவர் தலையிலும் இறங்கியது.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டார். மகள் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"என் அப்பா எழுதினது" என்றாள் டீச்சரிடம்.

சர்வம் துடைக்கும் துணியைக் கீழே போட்டார். பதினெட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறார். எதற்கும் இப்படி யாரும் சொன்னதில்லை. நுரை சொட்டும் கையோடு போனை எடுத்தார்.

"எழுதிக்கோம்மா. வினிகர் ஒரு டம்ளர். சோடா ஆறு ஸ்பூன், காகிதத்துல சுருட்டி ஒரே போடா போடணும். பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம் ரெண்டு ஸ்பூன். தேவையானால் சிவப்புச் சாயம்."

"சோப்பா சார்?"

"சோப்புத்தான் உயிரே. அது இல்லாமதான் இத்தனை நாள் எழும்பல. நான் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன். போட்டுரு."

எதிர்முனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. பின்னால் அச்சு மெஷின் ஓடத் தொடங்கும் உறுமலும் கேட்டது.

"போட்டாச்சு சார், பக்கம் மெஷினுக்குப் போயிடுச்சு" என்றாள் அந்தப் பெண். "எனக்குத்தான் ஒரு சின்ன சந்தேகம், ஞாயித்துக்கிழமை வீட்ல செஞ்சு பார்க்கலாம்னு இருக்கேன். அந்த சோப்பைக் கேக் மாவுல முட்டைக்கு முன்னாடி ஊத்தணுமா, பின்னாடியா?"